நீச்சல் குளத்துக்கு விறகு ஹீட்டர்: செய்யலாம், ஆனால் செம்புச் சுருளை நெருப்பில் வைக்காதீர்கள்

கேட்டவர் கடலூர்க்காரர். தோப்பு வீடு, அதில் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழத்தில் ஒரு சின்ன நீச்சல் குளம். அம்மாவுக்கு மூட்டுவலி; தினமும் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கார்த்திகையில் தொடங்கித் தை முடியும்வரை காலையில் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. தோப்பில் சவுக்கு வெட்டிய மிலாறும் வேர்க்கட்டையும் குவிந்து கிடக்கின்றன. 200 லிட்டர் இரும்பு டிரம்மில் விறகு எரித்து, அதற்குள்ளேயே செம்புக் குழாயைச் சுருட்டி வைத்து, குளத்துத் தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிட்டால் சூடாகுமா, பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா என்பது கேள்வி.

சூடாகும். உங்கள் அளவு குளத்துக்கு இது நல்ல யோசனையும்கூட, விறகு சொந்தத் தோப்பில் கிடைக்கிறது என்பதால். ஆனால் நீங்கள் சொன்ன அமைப்பில் ஒரு விஷயத்தை மாற்றியே ஆக வேண்டும். குளத்துத் தண்ணீர் ஓடும் குழாய் நேராக நெருப்பில் இருக்கக் கூடாது. ஏன் என்று சொல்லிவிட்டு, எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன்.

நான் பல வருடம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் இருந்தவன். இப்போது புதுச்சேரியில் குளங்களுக்குப் பம்ப், பைப் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு விடுதியில் இதே மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். டிரம், உள்ளே செம்புச் சுருள், கீழே சவுக்குக் கட்டை, வெளியே போகும் லைன் வெள்ளை பிவிசி பைப். ஃபில்டர் மணலை மாற்றுவதற்காகப் போயிருந்தேன். பகல் பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போயிற்று. பம்ப் நின்றது. விறகு போடுகிற பையன் கரண்ட் வரட்டும் என்று சாப்பிடப் போய்விட்டான். நெருப்புக்குக் கரண்ட் போனது தெரியுமா? அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் சுருளுக்குள் இருந்து டக், டக் என்று சத்தம். சுத்தியலால் குழாயைத் தட்டுகிற மாதிரி. பிறகு வெள்ளைப் பைப் மெதுவாக நடுவில் தொங்க ஆரம்பித்தது, ஈரத் துணி போட்ட கொடிக் கயிறு மாதிரி. பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும். அதற்குள் வந்துகொண்டிருந்தது ஆவி. ஓடிப்போய்க் கட்டைகளை இழுத்துப் போடலாம் என்று நான் நினைத்த நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. பம்ப் தானாக ஓடியது. காய்ந்து பழுத்திருந்த சுருளுக்குள் பச்சைத் தண்ணீர் பாய்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். இணைப்பு பிடுங்கிக்கொண்டு பறந்து மதில் சுவரில் அடித்தது. பின்னாலேயே வெள்ளையாக ஆவி. அந்தப் பையன் சாப்பிடப் போகாமல் டிரம்முக்கு எதிரே குந்தியிருந்தால் முகம் போயிருக்கும். அந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் இந்த நாட்டில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் பிறந்தது. பிறகு 1923-இல் நாடு முழுமைக்குமான பாய்லர் சட்டம் வந்தது. நீங்கள் செய்யப்போவது சின்ன விஷயம், ஆலைப் பாய்லர் இல்லைதான். ஆனால் மூடிய குழாயில் தண்ணீரை வைத்து அடியில் தீ மூட்டினால், அந்த நிமிடம் நீங்களும் பாய்லர்தான் ஓட்டுகிறீர்கள்.

இதற்கு வழி நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. பரணில் பழைய செம்பு பாய்லர் இருந்தால் இறக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு குழாய், அதில்தான் கரியும் கட்டையும் எரியும். அதைச் சுற்றித் தண்ணீர். மேலே புனல் வழியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் குழாயில் வெந்நீர் வழியும். அந்தப் புனல் எப்போதும் திறந்தே இருக்கும். அதுதான் அந்த பாய்லரின் உயிர். எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆவி புனல் வழியாகப் போய்விடும். நூறு வீட்டில் ஓடியது, ஒன்றும் வெடித்ததில்லை.

உங்கள் ஹீட்டரும் அப்படியே இருக்கட்டும். டிரம்மில் 150 லிட்டர் தண்ணீர். நடுவில் நெருப்புக் குழாய். மேல்மூடி சும்மா வைத்தது. செம்புச் சுருளை அந்த வெந்நீருக்குள் முக்கி வையுங்கள். குளத்துத் தண்ணீர் சுருளுக்குள் ஓடி, சுற்றியுள்ள வெந்நீரிடமிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கரண்ட் போனால் என்ன ஆகும்? டிரம் தண்ணீர் கொதிக்கும், ஆவி மேலே போகும், அவ்வளவுதான். சுருள் 100 டிகிரிக்கு மேல் போக வழியே இல்லை. உங்கள் நெருப்பின் பலத்துக்கு மணிக்கு 18 லிட்டர் போலத்தான் கொதித்துக் குறையும். யாரும் கட்டை போடாவிட்டால் ஒரு மணி நேரத்தில் தீ தணிந்துவிடும். நிதானமாக யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. குளோரின் கலந்த குளத்துத் தண்ணீர் டிரம்மைத் தொடாது. அதனால் சாதாரண இரும்பே போதும். டிரம்முக்குள் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டால் உப்பும் படியாது. நம் கடலோர போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே சீசனில் நெருப்புக் குழாய் மேல் சுண்ணாம்பு ஏடு கட்டிவிடும். சூடு ஏறவே ஏறாது.

சரி, கணக்குக்கு வருவோம். பலர் இதைப் போடாமல் இறங்கி, மூன்று நாள் எரித்துவிட்டு "சூடே ஆகவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் குளம் 21.6 கனமீட்டர். 22,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். மார்கழி விடியற்காலையில் தண்ணீர் 25 டிகிரி இருந்து, அம்மாவுக்காக 30 ஆக்க வேண்டுமென்றால் 5 டிகிரி. ஆக 1,10,000 கிலோகலோரி. நன்றாகக் காய்ந்த சவுக்கு, காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்த்து, கிலோவுக்கு 3,600 கிலோகலோரி கொடுக்கும் என்று வையுங்கள். கையால் செய்த அடுப்பில் அதில் நூற்றுக்கு 40 பங்கு தண்ணீருக்குள் போனால் நல்ல வேலை. மீதி புகைபோக்கி வழியாகப் போகும். அதாவது கிலோவுக்கு 1,440. அப்போது 76 கிலோ விறகு. நீங்கள் சொன்ன அளவு டிரம்மில் மணிக்கு 7 கிலோ எரிக்கலாம், 10,000 கிலோகலோரி கிடைக்கும். ஆக 11 மணி நேரம்.

பயந்துவிடாதீர்கள். இது சீசன் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, இரண்டு நாளாகப் பிரித்து எரிக்க வேண்டியது. பிறகு தினமும் இழக்கிற சூட்டை மட்டும் ஈடுகட்டினால் போதும். அந்த இழப்பு எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வெளியில் இருக்கும் குளம் சூட்டை இழப்பது பெரும்பாலும் ஆவியாதலால். பக்கவாட்டுச் சுவர், தரை வழியாகப் போவது சொற்பம். ஒரு லிட்டர் தண்ணீர் மேலிருந்து ஆவியாகிப் போகும்போது 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது இதனால்தான். உங்கள் குளத்தின் மேற்பரப்பு 18 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினால் 90 லிட்டர், 52,000 கிலோகலோரி. குளம் 2.4 டிகிரி குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெயில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், ஆனால் மார்கழி மூட்டத்தில் அதை நம்ப முடியாது. திறந்து போட்ட குளத்துக்கு ஹீட்டர் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். நீங்கள் ஐந்து மணி நேரம் எரித்ததை இரவு வாடை கொண்டுபோய்விடும்.

அதனால் டிரம்முக்கு முன்னால் மூடி வாங்குங்கள். குமிழ் வைத்த நீல பபிள் ஷீட் தண்ணீர் மேல் மிதக்கும்; பகல் வெயிலை உள்ளே விடும், ஆவியைத் தடுக்கும். அது கிடைக்கும்வரை நல்ல தார்ப்பாயைத் தண்ணீரோடு ஒட்டி மிதக்கவிட்டாலும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உயரே பந்தல் மாதிரிக் கட்டினால் பயன் குறைவு, காற்று அடியில் புகுந்துவிடும். ஒரு எச்சரிக்கை: யார் தண்ணீரில் இறங்கினாலும் மூடியை முழுக்கச் சுருட்டி எடுத்த பிறகே இறங்க வேண்டும். பாதி விலக்கிவிட்டு இறங்குவது கூடவே கூடாது. அடியில் போன குழந்தைக்கு மேலே வர வழி தெரியாது.

மூடி போட்ட குளம் இரவில் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி இறங்கும். அதை ஈடுகட்ட இரண்டரை மணியிலிருந்து மூன்றரை மணி நேரத் தீ, 16 முதல் 23 கிலோ விறகு. இது தோப்புக்காரருக்குக் கட்டுப்படியாகும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விறகை விலைக்கு வாங்கித்தான் எரிக்க வேண்டும் என்றால் நான் இதைச் செய்யச் சொல்லமாட்டேன். அந்த 5 டிகிரிக்கு நேரடி மின்சார ஹீட்டர் 128 யூனிட் கேட்கும். ஹீட் பம்ப் என்றால் நம் ஊர் வெதுவெதுப்பான காற்றில் நாலில் ஒரு பங்கு, 32 யூனிட் போல ஆகும். ஆளும் வேண்டாம், புகையும் இல்லை. விறகு சும்மா கிடைத்து, எரிக்கவும் வீட்டில் ஆள் இருக்கிற உங்களைப் போன்றவர்களுக்குத்தான் விறகு ஹீட்டர் பொருந்தும்.

இனி செய்முறை.

டிரம்மைப் பழைய இரும்புக் கடையில் எடுப்பீர்கள். கடலூர்ப் பக்கம் ரசாயனம் வந்த டிரம்களும் கடைக்கு வருகின்றன. உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரர் நிச்சயமாகச் சொல்ல முடியாத டிரம்மைத் தொடாதீர்கள். எண்ணெய் இருந்த டிரம்மானாலும் காலி என்று நம்பி வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் வாயு போதும், மேல் தகடு பறந்துவிடும். சோப்பும் வெந்நீரும் விட்டு நன்றாகக் கழுவி, வெட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, அப்புறம் வெட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், பட்டறையில் 3 மில்லிமீட்டர் தகட்டை உருட்டிப் புதிதாகவே ஒரு தொட்டி செய்துகொள்வேன். கடை டிரம்மின் தகடு ஒரு மில்லிமீட்டர் சுமார்தான். இரண்டு சீசன் தாங்கினால் பெரிது.

நெருப்புக் குழாய்க்கு 8 அங்குலக் கனத்த இரும்புக் குழாய். ஜிஐ வேண்டாம், துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும், அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும். டிரம்மின் அடித்தகட்டில் நடுவே அந்த அளவுக்கு ஓட்டை வெட்டிக் குழாயைச் சுற்றி முழு வெல்டிங். வெல்டிங் முடிந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விட்டுவிடுங்கள், கசிவு இருந்தால் காலையில் தெரிந்துவிடும். குழாயின் மேல் முனை மூடியின் நடு ஓட்டை வழியாக வெளியே வந்து புகைபோக்கியாகத் தொடரட்டும். மூடிக்குப் போல்ட் போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். நான் சொன்ன புனல் இதுதான்.

இதை ஒரு செங்கல் அடுப்பின் மேல் உட்காரவையுங்கள். நிரப்பினால் கால் டன் எடை வரும், அதனால் அடித்தளம் கெட்டியாக வேண்டும். அடுப்பின் உள்ளே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் 16 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பிகளை விரல் இடைவெளியில் அடுக்கிச் சல்லடை. மேலே விறகு, கீழே சாம்பல் குழி. விறகு வாய்க்கு ஒரு கதவு, சாம்பல் குழிக்கு ஒரு தனிக் கதவு. தீயை ஆளுவது இந்தக் கீழ்க் கதவுதான்; மேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எரிப்பவர் வானத்தைச் சூடாக்குகிறார். டிரம்மைச் சுற்றி உமிச் சாம்பலும் களிமண்ணும் பிசைந்து நான்கு விரல் தடிப்புக்குப் பூசுங்கள். ரைஸ் மில்லில் கேட்டால் உமிச் சாம்பல் தருவார்கள். சூடு தாங்க அதைவிட மலிவான பூச்சு எனக்குத் தெரியாது.

இப்போது சுருள். ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் அரை அங்குல மெது செம்புக் குழாய், 15 மீட்டர் ரோலாக வரும். இரண்டு ரோல் வாங்குங்கள். ஒன்றின் முனையில் ஒன்றைச் சேர்த்து நீட்டாதீர்கள். இரண்டையும் பக்கம் பக்கமாக, ஆளுக்குப் பாதித் தண்ணீர் ஓடும்படி இணைக்க வேண்டும். ஒரே சுருளில் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளினால் பம்புக்கு மூச்சு முட்டும், வேகமாக ஓடும் தண்ணீர் செம்பை உள்ளிருந்து அரிக்கும். இரண்டாகப் பிரித்தால் தலா 10 லிட்டர், சுகமாக ஓடும். உள் சுருள் 35 சென்டிமீட்டர் அகலத்தில் பதினோரு சுற்று, வெளிச் சுருள் 48 சென்டிமீட்டரில் எட்டுச் சுற்று; மீதி நீளம் முனைகளை மேலே கொண்டுவர. ஏதாவது அண்டாவைப் படுக்கவைத்து அதன் மேல் சுற்றினால் மடங்காமல் வரும். சுற்றுக்குச் சுற்று இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், வெந்நீர் நடுவில் புகுந்து புறப்பட வேண்டும். டிரம்மின் கீழ் முக்கால் பாகத்துக்குள் சுருள் முடிந்துவிட வேண்டும், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் வெளியே தெரியாதபடி.

முனைகளை டிரம் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வெளியே எடுக்க வேண்டாம். நாலு முனையையும் விளிம்புக்கு மேலாகக் கொண்டுவாருங்கள், மூடியில் சின்ன வெட்டு விட்டால் போதும். டிரம்மில் ஓட்டை இல்லை, ஒழுக்கு இல்லை. தண்ணீருக்குள் ஒரு இணைப்புக்கூட வைக்காதீர்கள். பற்றவைப்பு எல்லாம் வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில். வெளியே வந்ததும் ஒரு மீட்டர் செம்பு, பிறகு இரண்டு மீட்டர் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிவிசி), அதன் பிறகு சாதாரண பிவிசி. உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் இதே வரிசை.

குளத்தின் லைனில் எங்கே சேர்ப்பது? ஃபில்டருக்குப் பின்னால், குளோரின் போடும் இடத்துக்கு முன்னால். ஒரு குதிரைசக்தி பம்ப் மணிக்கு 12,000 லிட்டருக்குக் குறையாமல் தள்ளும். ஹீட்டருக்கு வேண்டியது 1,200 லிட்டர். ஆகவே மெயின் லைனில் ஒரு பால் வால்வு, அதற்கு முன் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு), பின் ஒரு டீ. ஹீட்டர் அந்த இரண்டுக்கும் இடையில் பக்கவழியாக இருக்கும். மெயின் வால்வைக் கொஞ்சம் மூடினால் தேவையான தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பும். ஹீட்டருக்குள் போகும் பக்கம் ஒரு வால்வு வைத்துக்கொள்ளலாம். திரும்பி வரும் பக்கம் வால்வு, நான்-ரிட்டர்ன் (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) எதுவும் வைக்கவே கூடாது. இரண்டு பக்கமும் அடைபட்ட தண்ணீர் சூடாகி விரிந்தால் செம்பைக் கிழித்துவிடும். திரும்பும் லைனில் வெந்நீர் கீசர்களில் வைக்கிற மாதிரி ஒரு பிரஷர் ரிலீஸ் வால்வும் போட்டு, அதன் வாயைத் தரைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

அளக்க ஒரு பக்கெட் போதும். திரும்பி வரும் லைனை மறுபடி குளத்து லைனில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை 20 லிட்டர் பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள்; ஒரு நிமிடத்தில் நிரம்ப வேண்டும். அந்த வேகத்தில் தண்ணீர் உள்ளே போனதைவிட 8 டிகிரிதான் கூடுதலாக வரும். தொட்டுப் பார்த்து "இது வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது" என்று பலர் வால்வை இறுக்கிவிடுகிறார்கள், கொதிக்கக் கொதிக்க வர வேண்டும் என்று. அது தப்பு. தண்ணீர் மெதுவாக ஓடினால் சுருள் சூடேறி, வாங்குகிற சூடு குறைந்துவிடும். நிறையத் தண்ணீர், கொஞ்சம் சூடு. அம்மாவுக்கும் அதுதான் பாதுகாப்பு, குளத்தில் தண்ணீர் வரும் வாய்க்குப் பக்கத்தில் நின்றாலும் சுடாது.

டிரம்மில் தண்ணீர் குறைந்தால் நிரப்ப, மாடித் தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய லைன், முனையில் பித்தளை மிதவை வால்வு. பிளாஸ்டிக் மிதவை ஆவியில் இளகிவிடும். மாடித் தொட்டி என்பதால் கரண்ட் இல்லாதபோதும் தண்ணீர் இறங்கும். போர் தண்ணீர்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, ஈடுகட்டும் அளவு குறைவு.

செம்புக்கு ஒரே எதிரி புளித்த தண்ணீர். பிஎச் 7.2-க்குக் கீழே போனால் செம்பு கரைந்து குளத்துச் சுவரில் நீலப்பச்சைக் கறையாக வரும், வெள்ளை முடிகூடப் பச்சை அடிக்கும். 7.4 முதல் 7.6 வரை வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் கூடைக்குள் (பம்புக்குப் போகும் வழியில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் கூடை) போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த மாத்திரை அமிலத்தன்மை கொண்டது. பம்ப் நிற்கும் நேரத்தில் ஊறி, பம்ப் ஓடியதும் அந்தக் கரைசல் முழுக்க நேராகச் சுருளுக்குள் போகும். மிதக்கும் டப்பாவில் போடுங்கள்.

இடம்: மார்கழிக் காற்று நமக்கு வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். எனவே அடுப்பு குளத்துக்குத் தெற்கே இருக்க வேண்டும். அக்னி மூலை பார்க்கிற வீடு என்றால் தென்கிழக்கு சரியாகவே பொருந்திவிடும். புகைபோக்கி ஆறு அங்குலம், டிரம்முக்கு மேல் 3 மீட்டராவது உயரம், தலையில் மழைத்தொப்பி, வாயில் கம்பி வலை. கீற்றுக் கொட்டகை பக்கத்தில் இருந்தால் அந்த வலை கட்டாயம். சவுக்கு மிலாறு பொறி பறக்கும். மேலே கூரை போடுவதானால் நாலு பக்கமும் திறந்த தகரக் கூரைதான். அறைக்குள் வைக்கவே வேண்டாம், கரிப்புகை ஆளைத் தெரியாமல் கொல்லும். அக்கம்பக்கம் நெருக்கமான தெருவில் இதைச் செய்யாதீர்கள் என்றும் சொல்லிவைக்கிறேன். தோப்பு வீடு என்பதால்தான் உங்களுக்குச் சம்மதம் சொல்கிறேன்.

விறகைப் பொறுத்தவரை உங்களுக்கு வாய்த்தது உயர்ந்த சரக்கு. சவுக்கு பச்சையாக இருந்தாலும் பிடித்து எரியும், அதனால் பலர் காயவைப்பதே இல்லை. பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகும், நெருப்புக் குழாயின் உள்ளே கரிப்பிசின் தார் மாதிரி ஒட்டும். மூன்று மாதம் மழை படாமல், தரையில் படாமல் அடுக்கி வையுங்கள். இரண்டு கட்டையை மோதினால் மணி மாதிரி ஓசை வந்தால் காய்ந்துவிட்டது. மிலாறு தீ மூட்டவும், வேர்க்கட்டை நின்று எரியவும். வேலிகாத்தானும் நன்றாக எரியும். முந்திரி மரக்கட்டை பரவாயில்லை, தானே புயல் அடித்த 2011-க்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் அதைத்தான் மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஆனால் முந்திரிக் கொட்டையின் மேல்ஓடுகளை மட்டும் போடாதீர்கள். கை வெந்துபோகும் அந்த எண்ணெய் புகையாக வந்தால் கண்ணும் தொண்டையும் என்ன ஆகும் என்று பண்ருட்டிக்காரரைக் கேளுங்கள். கடற்கரையில் ஒதுங்கிய கட்டை, சாயம் பூசிய படகுப் பலகை, பிளைவுட் எதுவும் வேண்டாம். உப்பும் சாயமும் இரும்பைத் தின்னும், புகையும் நஞ்சு.

ஓட்டும் முறை சுலபம். முதலில் பம்ப், பிறகு தீ. முடிக்கும்போது முதலில் விறகை நிறுத்துங்கள், பம்ப் இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும். அந்த 150 லிட்டர் வெந்நீரில் 7,500 கிலோகலோரி இருக்கிறது, முக்கால் மணி நேரத் தீக்குச் சமம். அதையும் குளத்துக்குள் அனுப்பிவிட்டுத்தான் மூடியைப் போட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நெருப்புக் குழாயைக் கம்பி பிரஷ் விட்டுத் தேய்த்துவிடுங்கள். சாம்பலைக் கத்தரிக்குப் போடலாம், குளத்தில் மட்டும் விழவிடாதீர்கள்; காரத்தன்மை, தண்ணீர் கலங்கிவிடும்.

பட்டறையிலிருந்து வந்ததும் செம்புச் சுருளைப் போடாமலேயே ஒரு முறை சோதித்துவிடுங்கள். டிரம்மில் 150 லிட்டர் ஊற்றி, 7 கிலோ காய்ந்த கட்டையை நிறுத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 45 நிமிடம் என்றால் என் கணக்கு உங்கள் அடுப்புக்கு அப்படியே பொருந்தும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் புகைபோக்கி குட்டையாக இருக்கும், அல்லது சல்லடைக் கம்பிகள் நெருக்கமாக இருக்கும். அரை மணியிலேயே ஏறி, புகைபோக்கி அடிப்பக்கம் சிவந்தால் கீழ்க் கதவு அதிகம் திறந்திருக்கிறது. எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள், எதைத் திருத்த வேண்டும் என்று சொல்கிறேன். சுருளை அதற்குப் பிறகு இறக்கலாம்.